உலக வானிலை மறுபகுப்பாய்வுத் தரவைக் காலநிலை ஆய்வுக்கு எடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை ஆய்வில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தரவிறக்குவது மறுபகுப்பாய்வுத் தரவைத்தான். இலவசமாகக் கிடைக்கிறது, பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது, உலகம் முழுக்க ஓர் ஓட்டைகூட இல்லாமல் எண்கள் நிரம்பியிருக்கின்றன. ஆபத்தும் அந்த முழுமையில்தான் இருக்கிறது. நிரம்பிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அதில் பாதி இடங்களில் யாரும் எதையும் அளக்கவில்லை என்பது மறந்துபோகும். இந்தத் தரவைக் கையில் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மறுபகுப்பாய்வுத் தரவு அளவீடா, கணினி மாதிரியா?

இரண்டும் கலந்தது. முன்கணிப்பு மாதிரி முதலில் சில மணி நேரத்துக்கு ஒரு கணிப்பைப் போடும். அதே நேரத்தில் நிலையங்கள், கப்பல்கள், மிதவைகள், வானிலை பலூன்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள் என்று எங்கெங்கோ அளந்தவை வந்து சேரும். கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம், ஒவ்வொரு அளவீட்டிலும் எவ்வளவு இருக்கலாம் என்று எடைபோட்டுக் கணிப்பைத் திருத்துவார்கள். திருத்திய நிலையிலிருந்து அடுத்த கணிப்பு தொடங்கும். இதற்குத் தரவு உள்வாங்கல் என்று பெயர். கடந்த பல பத்தாண்டுகளின் அளவீடுகளை எடுத்து, மாற்றாத ஒரே மாதிரியைக் கொண்டு இந்த வேலையை ஆரம்பத்திலிருந்து செய்து முடித்தால் கிடைப்பது மறுபகுப்பாய்வு.

அளவீடு அடர்த்தியாக உள்ள இடத்தில் விடை அளவீட்டின் பக்கம் சாயும். அளவீடே இல்லாத இடத்தில் மாதிரி சொல்வதுதான் விடை. இரண்டு வகை எண்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். எது எந்த வகை என்று கோப்பு சொல்லாது.

முன்கணிப்பு மையங்களின் அன்றாடப் பகுப்பாய்வுகளையே சேர்த்து வைத்துப் பயன்படுத்தினால் என்ன?

அந்தந்த நாளின் வானிலையைப் பார்க்க அது போதும். காலநிலைக்குப் போதாது. மையங்கள் தங்கள் மாதிரியை அடிக்கடி மேம்படுத்துகின்றன, உலகைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களைச் சிறிதாக்குகின்றன, உள்வாங்கும் முறையை மாற்றுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தொடரில் ஒரு தாவல் விழும். அது வானத்தில் நடந்த மாற்றமா, கணினியில் நடந்த மாற்றமா என்று பிரிக்க முடியாது. இதனால்தான் 1988-இல் லென்னார்ட் பெங்ட்சனும் ஜகதீஷ் சுக்லாவும் பழைய அளவீடுகள் அனைத்தையும் ஒரே முறையில் மறுபடி பகுப்பாய்வு செய்ய வேண்டும் என்று எழுதினார்கள்.

எந்தெந்தத் தொகுப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன?

ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ-5 இன்று அதிகம் பயன்படுவது: 1940 முதல், மணிக்கொரு முறை, சுமார் 31 கிலோமீட்டர் கட்டம், 137 உயர அடுக்குகள். அதற்கு முந்தைய ஈஆர்ஏ-இன்டரிம் 1979-இல் தொடங்கி 2019 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. நாசாவின் மெர்ரா-2 1980-இல் தொடங்குகிறது. காற்றில் மிதக்கும் தூசுத் துகள்களையும் உள்வாங்குவது அதன் தனிச்சிறப்பு. ஜப்பான் வானிலை முகமையிடம் 1958-இல் தொடங்கும் ஜேஆர்ஏ-55 இருந்தது. இப்போது அதன் இடத்துக்கு 1947 வரை பின்னோக்கிச் செல்லும் ஜேஆர்ஏ-3க்யூ வந்திருக்கிறது. அமெரிக்காவின் என்செப்-என்கார் தொகுப்பு 1948 முதல் இருக்கிறது. சுமார் 210 கிலோமீட்டர் கட்டம் கொண்ட பழைய முறை அது. இன்றும் அதில் கட்டுரைகள் எழுதுகிறார்கள், ஆனால் புதிய ஆய்வை அதை மட்டும் நம்பித் தொடங்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இவற்றிலிருந்து மாறுபட்டது அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வு. அதன் மூன்றாம் பதிப்பு 1836 முதல் 2015 வரை போகிறது. வளிமண்டல அளவீடுகளில் தரைமட்டக் காற்றழுத்தத்தை மட்டுமே உள்வாங்குகிறது.

இவற்றில் எது சிறந்தது?

இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டால் பதில் இல்லை. எந்த மாறி (வெப்பநிலை, மழை போன்ற அளவு), எந்தப் பகுதி, எந்த உயரம், எந்த ஆண்டுகள், சராசரியா உச்சமா, போக்கா ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமா என்று சொன்ன பிறகுதான் பேச ஆரம்பிக்கலாம். 500 ஹெக்டோபாஸ்கல் மட்டக் (சுமார் 5.5 கிலோமீட்டர் உயரக்) காற்றோட்டத்துக்குப் பொருந்தும் ஒரு தொகுப்பு, அதே இடத்தின் மண் ஈரத்துக்குச் சுத்தமாகப் பொருந்தாமல் போகலாம்.

எந்த மாறியை எவ்வளவு நம்பலாம்?

என்செப்-என்கார் தொகுப்பை 1996-இல் அறிமுகப்படுத்திய யூஜீனியா கால்னேயும் குழுவினரும் மாறிகளை வகை பிரித்துக் காட்டினார்கள். இன்றும் அது உதவுகிறது. முதல் வகை, அளவீடுகளின் பிடி வலுவாக உள்ளவை: மேல்மட்ட வெப்பநிலை, காற்று. இரண்டாவது, அளவீடும் மாதிரியும் சேர்ந்து தீர்மானிப்பவை: ஈரப்பதம், தரையருகு வெப்பநிலை. மூன்றாவது, அளவீட்டின் நேரடித் தொடர்பில்லாமல் மாதிரியே தருபவை: மழை, மேற்பரப்பு வெப்பப் பாய்வுகள், கதிர்வீச்சு. நான்காவது வகையில் நிலப்பரப்பின் தன்மை போல வெளியிலிருந்து கொடுத்து அப்படியே விட்ட மாறாத புலங்கள் இருந்தன.

எந்த மாறி எந்த வகையில் விழும் என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். தரையிலிருந்து 2 மீட்டர் உயர வெப்பநிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். என்செப்-என்கார் நிலையங்களின் தரையருகு வெப்பநிலையை நிலப்பகுதியில் உள்வாங்குவதே இல்லை. ஈஆர்ஏ-5-இலும் ஜேஆர்ஏ-55-இலும் அதற்கென்று தனிப் பகுப்பாய்வு இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் மூன்றையும் ஒரே மாதிரி நினைத்து ஒப்பிட்டால் முடிவு தவறாகப் போகும். தரவிறக்கும் முன் அந்த மாறி எப்படி உருவானது என்று ஆவணத்தில் ஒரு பத்தியாவது படியுங்கள்.

நீண்டகாலப் போக்கைக் கணக்கிடலாமா?

கணக்கிடலாம், ஆனால் இந்தத் தரவைக் கொண்டு செய்யும் வேலைகளில் மிகவும் கவனம் தேவைப்படுவது இதுதான். மாதிரி மாறவில்லை என்றாலும் அதற்குள் போகும் அளவீடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஈஆர்ஏ-5 உள்வாங்கியது 1979-இல் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 7.5 லட்சம் அளவீடுகள். 2019 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 2.4 கோடி. மாதிரிக்கு இயல்பாகவே கொஞ்சம் உலர்ந்த பக்கம் சாயும் குணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவீடு குறைவாக இருந்த காலத்தில் அந்த உலர்வு அப்படியே தங்கும். அளவீடு பெருகப் பெருக உண்மைக்கு அருகில் இழுக்கப்படும். உலகம் ஈரமாகிக்கொண்டே போவது போல ஒரு கோடு கிடைக்கும். அதில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு கருவி என்று கோடு சொல்லாது.

இது வெறும் கற்பனை எடுத்துக்காட்டு இல்லை. ஈஆர்ஏ-இன்டரிமுக்கும் முந்தைய ஈஆர்ஏ-40 தொகுப்பில் 1979 முதல் 2001 வரை வளிமண்டலத்தின் மொத்த நீராவி பத்தாண்டுக்குச் சுமார் 0.36 மில்லிமீட்டர் கூடியதாகத் தெரிந்தது. பெங்ட்சன், ஹாகமன், ஹாட்ஜஸ் மூவரும் 2004-இல் அளவீட்டு முறை மாறியதன் விளைவை மதிப்பிட்டுக் கழித்தபோது அது சுமார் 0.16 ஆகக் குறைந்தது. பாதிக்கு மேல் கரைந்துபோயிற்று. இயற்பியலும் இதில் ஒரு சோதனைக் கல்: வெப்பநிலை 1 டிகிரி கூடினால் காற்று தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதே தரவின் வெப்பநிலைப் போக்கோடு நீராவிப் போக்கு இந்த விகிதத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தரவை.

செயற்கையான தாவலை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை, அளவீட்டு வரலாற்றின் முக்கியத் தேதிகளை உங்கள் தொடரின்மேல் குறித்துவைப்பது. 1978 இறுதியில் டைரோஸ்-என் செயற்கைக்கோளோடு தொடங்கிய வெப்பநிலை, ஈரப்பத அளவீடுகள். 1987-இல் கடல்மேல் நீராவியை அளந்த நுண்ணலைக் கருவி. 1998-இல் நோவா-15 கொண்டுபோன மேம்பட்ட நுண்ணலைக் கருவி. 2006-இல் ஜிபிஎஸ் சமிக்ஞை வளைவதைக் கொண்டு அளக்கும் காஸ்மிக் செயற்கைக்கோள் கூட்டம். உங்கள் தொடரில் உள்ள திருப்பம் இந்தத் தேதிகளில் ஒன்றோடு சரியாகப் பொருந்தினால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். நாசாவின் முதல் மெர்ரா தொகுப்பில் உலக மழையின் அளவு 1998 இறுதியில் அப்படித்தான் தூக்கியது.

அப்புறம், மறுபகுப்பாய்வுத் தொடரிலிருந்து அதைச் சாராத ஓர் அளவீட்டுத் தொடரைக் கழித்து, மிச்சத்தைப் பாருங்கள். மூலத் தொடரில் எல் நினோவும் எரிமலையும் பருவமும் சேர்ந்து ஆடுவதால் தாவல் மறைந்திருக்கும்; வித்தியாசத் தொடரில் அந்த ஆட்டம் பெரும்பாலும் நீங்கிவிடும், தாவல் கண்ணுக்கே தெரியும். தொடர் எங்கே திடீரென மாறுகிறது என்று தேடும் மாற்றப்புள்ளிச் சோதனைகளை அதன் மேல் போடுங்கள், மூலத் தொடரின் மேல் இல்லை.

ஜப்பான் முகமை ஆய்வாளர்களுக்கு ஓர் அருமையான வசதி செய்து கொடுத்தது. ஜேஆர்ஏ-55-உடன் இரண்டு உடன்பிறப்புத் தொகுப்புகளையும் வெளியிட்டது: ஒன்றில் செயற்கைக்கோள் இல்லாமல் வழக்கமான அளவீடுகள் மட்டும், இன்னொன்றில் வளிமண்டல அளவீடே இல்லாமல் அதே மாதிரியின் தனி ஓட்டம். முழுத் தொகுப்பில் ஒரு தாவல் இருந்து, செயற்கைக்கோள் இல்லாததில் அது இல்லை என்றால், காரணம் எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. எல்லா மையங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய மையங்கள் வெளியிடும் தரவில் நேரடியான தவறுகள்கூட இருக்குமா?

இருக்கும். நல்ல மையங்கள் அவற்றை வெளிப்படையாகப் பட்டியலிட்டு வைக்கின்றன. அந்தப் பக்கத்தை நாம் படிக்காமல் விடுவதுதான் பிரச்சினை. தென்கோளத்தில் நிலையங்கள் குறைவு என்பதால், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து மனிதர்கள் மதிப்பிட்ட கடல்மட்ட அழுத்தங்களை அந்தக் காலத்தில் பயன்படுத்தினார்கள். என்செப்-என்கார் தொகுப்பில் 1979 முதல் 1992 வரை அந்த அழுத்தங்கள் 180 பாகை தீர்க்கரேகை தள்ளி, பூமியின் எதிர்ப்பக்கத்தில் உள்வாங்கப்பட்டன. அதே தொகுப்பில் 1974 முதல் 1994 வரை எல்லா ஆண்டுகளுக்கும் 1973-இன் பனிப்போர்வையே கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டையும் திருத்தி வந்ததுதான் 1979-இல் தொடங்கும் இரண்டாம் பதிப்பு.

புதிய தொகுப்புகளும் விலக்கல்ல. ஈஆர்ஏ-5-இல் 2000 முதல் 2006 வரை கீழ் ஸ்ட்ராட்டோஸ்பியர் (வானிலை நிகழும் அடுக்குக்கு மேலுள்ள அடுக்கின் கீழ்ப்பகுதி) இருக்க வேண்டியதைவிடக் குளிராக இருந்தது. அந்த ஆண்டுகளை மட்டும் மறுபடி ஓட்டி ஈஆர்ஏ-5.1 என்று தனியாக வெளியிட்டார்கள். அந்த உயரத்தில் வேலை செய்பவர் அதைச் சேர்க்காமல் போக்கு கணக்கிட்டால் அது வீண் வேலை. 2004 முதல் செயற்கைக்கோள் பனிப்போர்வைத் தரவு சேர்ந்ததால் வடகோளப் பனியின் அளவில் ஒரு தாவலும் இருக்கிறது.

எந்த அளவீட்டோடு ஒப்பிட்டுச் சோதிப்பது?

தொகுப்பு உள்வாங்காத அளவீட்டோடு. வானிலை பலூன் தரவை உள்வாங்கிய தொகுப்பை அதே பலூன்களோடு ஒப்பிட்டு "அருமையாகப் பொருந்துகிறது" என்று எழுதுவதில் பொருள் இல்லை. விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைத்தது போலத்தான்.

சாராத அளவீடுகள் தேடினால் கிடைக்கும். கதிர்வீச்சுக்கு 2000 முதல் செரஸ் செயற்கைக்கோள் கருவிகள் இருக்கின்றன. நிலத்தடி நீர், மண் ஈரம், பனி எல்லாம் சேர்ந்த மொத்த நீர்ச் சேமிப்புக்கு 2002 முதல் 2017 வரை கிரேஸ் செயற்கைக்கோள்கள், 2018 முதல் அதன் தொடர்ச்சி. மேற்பரப்பு வெப்பப் பாய்வுக்கு உலகெங்கும் உள்ள பாய்வுக் கோபுரங்கள். தனிக் களப்பயணங்களின் தரவும் பெரிய சொத்து, ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பயணத்தின்போது பறக்கவிட்ட பலூன்களின் தரவு உலக வலையமைப்பில் உடனுக்குடன் அனுப்பப்பட்டிருந்தால், அது உள்வாங்கப்பட்டிருக்கக்கூடும்.

நிலைய வெப்பநிலையோடு ஒப்பிட்டேன், 3 டிகிரி வித்தியாசம் வருகிறது. தரவு மோசமா?

உயரத்தை முதலில் பாருங்கள். மாதிரிக்குத் தெரிந்த மலை, 31 கிலோமீட்டர் கட்டத்தில் சமனாக்கப்பட்ட மலை. உங்கள் நிலையம் 200 மீட்டரில் இருக்க, அந்தக் கட்டத்தின் சராசரி உயரம் 650 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொதுவான வீதத்தில் கணக்கிட்டால் 450 மீட்டருக்கு 2.9 டிகிரி வருகிறது. உங்கள் "பிழை" ஏறத்தாழ முழுவதும் அதில் அடங்கிவிட்டது. அந்த வீதமும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. குளிர்காலத் தெளிந்த இரவில் பள்ளத்தாக்கில் அது தலைகீழாகவே போகலாம்.

கடற்கரையில் இன்னொரு சிக்கல். நிலையம் நிலத்தில் இருக்கும், அருகிலுள்ள கட்டப்புள்ளி மாதிரியின் கணக்கில் கடலாக இருக்கும். நிலம்-கடல் பங்கைச் சொல்லும் கோப்பும், கட்டத்தின் உயரத்தைச் சொல்லும் கோப்பும் தொகுப்போடு கிடைக்கின்றன. வேறெதையும் தொடும் முன் அந்த இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

31 கிலோமீட்டர் கட்டம் என்றால் 31 கிலோமீட்டர் அளவுள்ள நிகழ்வுகள் தெரியுமா?

தெரியாது. ஒரு நிகழ்வை மாதிரி உருப்படியாகக் காட்டப் பல கட்டங்கள் வேண்டும்.

மழையை நம்பலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஈஆர்ஏ-5-இல் மழை பகுப்பாய்விலிருந்து வருவதில்லை. பகுப்பாய்வு நிலையிலிருந்து தொடங்கும் குறுகிய முன்கணிப்பில் மாதிரி பொழிவதுதான் அந்த மழை. 2009 முதல் அமெரிக்கப் பகுதியின் ரேடார், மழைமானி கூட்டுத் தரவு உள்வாங்கப்படுகிறது. அதைத் தவிர நிலத்தில் வைத்த மழைமானி எதுவும் நேரடியாக உள்ளே போவதில்லை. பெரிய காற்றமைப்புகள் கொண்டுவரும் நடு அகலாங்குக் குளிர்கால மழை நன்றாக வருகிறது, ஏனென்றால் காற்றும் அழுத்தமும் சரியாக இருந்தால் அந்த மழை தானாகவே அமைந்துவிடும். வெப்பமண்டலத்தில் பிற்பகல் இடிமழை வேறு கதை. அந்த மேகங்கள் கட்டத்தைவிடச் சிறியவை. மாதிரி அவற்றைத் தோராயச் சூத்திரங்களால் ஈடுகட்டுகிறது. எனவே லேசான மழை நாட்கள் மிகையாகவும், உச்ச மழை குறைவாகவும், நாளின் உச்ச நேரம் முன்னதாகவும் வருவது வழக்கம்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஈஆர்ஏ-5-இல் சில இடங்களில், முக்கியமாக ஆப்பிரிக்காவின் மலைப்பகுதிகளில், ஒற்றைக் கட்டத்தில் நம்பமுடியாத அளவு மழை கொட்டுவதாக அந்த மையமே ஆவணப்படுத்தியிருக்கிறது. உச்ச மழை ஆய்வு செய்பவர் இதைக் கவனிக்காவிட்டால், அந்த ஒரு கட்டமே மொத்த முடிவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மழை ஆய்வில் மழைமானித் தொகுப்பையோ செயற்கைக்கோள் மழைத் தொகுப்பையோ முதல் சாட்சியாக வைத்து, மறுபகுப்பாய்வை அந்த மழைக்குக் காரணமான காற்றோட்டத்தை விளக்கப் பயன்படுத்துவதே என் பரிந்துரை.

எந்தப் புள்ளியியல் அளவுகள் போதும்?

ஒட்டுறவுக் கெழு ஒன்றை மட்டும் கொடுத்து முடிக்காதீர்கள். தினசரி வெப்பநிலையில் 0.98 என்று வந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை; கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வருவதை மட்டுமே அது காட்டக்கூடும். பருவச் சுழற்சியை நீக்கி, விலகல்களை ஒப்பிடுங்கள். சராசரி வித்தியாசம், ஏற்ற இறக்கத்தின் அகலம், விலகல்களின் ஒட்டுறவு மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள், ஏனென்றால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கும். உச்சங்களில் அக்கறை என்றால் 95, 99 சதவீதப் புள்ளிகளை நேரடியாக ஒப்பிட வேண்டும்.

போக்குக்கு நம்பக எல்லை கணக்கிடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 40 ஆண்டு மாதத்தொடரில் 480 எண்கள் இருக்கின்றன என்று அப்படியே சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். அடுத்தடுத்த மாதங்களுக்கிடையே ஒட்டுறவு 0.6 என்றால் சுதந்திரமான எண்கள் சுமார் 120 மட்டுமே. நம்பக எல்லை இரண்டு மடங்கு அகலமாகும். பல "முக்கியமான" போக்குகள் அங்கேயே காணாமல் போகும்.

தொகுப்பே தரும் குழுமச் சிதறலைப் பிழை எல்லையாக எடுத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுக்கக் கூடாது. ஈஆர்ஏ-5 இருமடங்கு பெரிய கட்டத்தில் 10 உறுப்பினர்கள் கொண்ட குழுமம் ஒன்றை, அதாவது அதே கணக்கைச் சற்றே மாற்றி மாற்றிச் செய்த 10 ஓட்டங்களை, ஓட்டுகிறது. அவற்றுக்கிடையேயான சிதறல் எங்கே, எப்போது நம்பிக்கை குறைவு என்று ஒப்பீட்டளவில் காட்ட நல்லது. எல்லா உறுப்பினர்களும் ஒரே மாதிரியின் வாரிசுகள் என்பதால் மாதிரியின் முறையான பிழை அதில் தெரியாது.

மூன்று தொகுப்புகளும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் சரிதானே?

ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ தவறு என்பது நிச்சயம். ஒத்துப்போனால் சரி என்பது நிச்சயமில்லை. எல்லாத் தொகுப்புகளும் ஏறத்தாழ அதே பலூன்களையும் அதே செயற்கைக்கோள்களையும் தின்கின்றன. மாதிரிகளிலும் ஒத்த குறைகள் இருக்கின்றன. குளிர்கால ஆர்க்டிக்கைப் பாருங்கள். உறைந்த கடலின் மேல் பனி படிந்திருப்பதை மாதிரி கணக்கில் எடுக்காமல், பனிக்கட்டிக்கு ஒரே தடிமனை வைத்துக்கொண்டால் கடலின் வெப்பம் மிகையாக மேலே கசியும். தெளிந்த இரவுகளில் தரையருகு காற்று உண்மையைவிடச் சூடாகத் தெரியும். பல தொகுப்புகளில் இந்த மிகைச்சூடு இருக்கிறது. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதால் அது தெரியவரவில்லை. பனிக்கட்டியின் மேல் முகாமிட்டு அளந்தவர்களால் தெரியவந்தது.

ஒப்பீட்டை நீங்களே ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுமில்லை. வளிமண்டல ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பான ஸ்பார்க்கின் மறுபகுப்பாய்வு ஒப்பீட்டுத் திட்டம் 2022-இல் விரிவான இறுதி அறிக்கை வெளியிட்டது. மேல் வளிமண்டலத்தில் வேலை செய்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புயல்களை ஆராய ஏற்றதா?

பாதைக்குப் பெரும்பாலும் ஏற்றது, உக்கிரத்துக்கு இல்லை. ஒரு கடும் புயலின் கண்சுவர் (மையத்தைச் சுற்றிக் காற்று மிக வேகமாக வீசும் வளையம்) ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். நடு அழுத்தம் உண்மை அளவுக்கு இறங்காது, காற்று வேகம் குறைவாகவே வரும். அளவீடு குறைந்த பழைய ஆண்டுகளில் எதிர்மாறாகவும் நடந்தது: ஈஆர்ஏ-5-இன் 1950 முதல் 1978 வரையிலான முதற்கட்ட வெளியீட்டில் சில புயல்கள் நம்பமுடியாத உக்கிரத்தோடு இருந்தன. பின்னர் வந்த வெளியீடு அதற்கு மாற்றானது. பழைய கோப்புகளை இன்னும் வட்டில் வைத்திருந்தால் அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள்.

நீர், ஆற்றல் கணக்குகள் சமன்படுமா?

சமன்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அளவீடு கொஞ்சம் நீராவியைச் சேர்க்கிறது அல்லது எடுக்கிறது; இயற்பியல் சமன்பாட்டில் அதற்கு வரவு செலவு இல்லை. உலக அளவில் மழையும் ஆவியாதலும் சமமாக இருக்க வேண்டிய இடத்தில் வித்தியாசம் வரும், அது ஆண்டுகளோடு மாறவும் செய்யும். மெர்ரா-2 உலகச் சராசரியில் இதைச் சமன்படுத்தும் கட்டுப்பாட்டை உள்ளேயே வைத்திருக்கிறது. மற்றவற்றில் மிச்சத்தைக் கணக்கிட்டுக் கட்டுரையில் காட்டுங்கள். மிச்சம் நீங்கள் தேடும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்த ஆய்வை அந்தத் தரவில் செய்ய முடியாது.

1979-க்கு முந்தைய ஆண்டுகளைத் தொடலாமா?

வடகோள நடு அகலாங்குகளில், 1957-58 உலகப் புவி இயற்பியல் ஆண்டுக்குப் பிறகு பலூன் வலையமைப்பு நன்றாக விரிந்ததால், ஓரளவு தைரியமாகத் தொடலாம். தென்கோளப் பெருங்கடல்களில் மிகுந்த தயக்கத்தோடு. 1979-ஐத் தாண்டும் எந்தப் போக்கையும் அந்த ஆண்டுக்கு முன், பின் என்று பிரித்தும் கணக்கிட்டுக் காட்டுங்கள். காற்றழுத்தம் மட்டும் உள்வாங்கும் நூற்றாண்டுத் தொகுப்புகள் செயற்கைக்கோள் தாவலிலிருந்து தப்பிக்கின்றன. ஆனால் கப்பல்களும் நிலையங்களும் காலப்போக்கில் பெருகியதன் பாதிப்பு அவற்றிலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுப் புயல்களின் போக்கை ஒரே ஒரு தொகுப்பை வைத்து எழுதிய கட்டுரையை நான் நம்ப மாட்டேன்.

உலகச் சராசரி வெப்பநிலைக்கு மறுபகுப்பாய்வு ஏற்கப்படுகிறதே?

ஆமாம், தகுந்த காரணத்தோடு. 2024-இன் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.60 டிகிரி கூடுதல் என்று ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் காலநிலைச் சேவை அறிவித்தது ஈஆர்ஏ-5-ஐ வைத்துத்தான். உலக வானிலை அமைப்பு ஆறு தொகுப்புகளைச் சேர்த்து 1.55 டிகிரி என்றது. அந்த ஆறில் இரண்டு மறுபகுப்பாய்வுகள். கவனிக்க வேண்டியது, அடிப்படைக் காலமான 1850-1900 ஈஆர்ஏ-5-க்குள் இல்லவே இல்லை. 1940-க்கு முன் எவ்வளவு சூடேறியது என்பதை நிலைய, கப்பல் தரவுத் தொகுப்புகளிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

அலகு, நேரம் தொடர்பாக அதிகம் நடக்கும் குளறுபடி எது?

கூட்டுமதிப்புகள். ஈஆர்ஏ-5-இல் 06 மணி என்று குறித்த மழை, 05 முதல் 06 வரை பெய்த ஒரு மணி நேர மழை, அலகு மீட்டர். ஈஆர்ஏ-5 நிலப்பதிப்பில் அதே 06 மணி மதிப்பு, 00 மணியிலிருந்து பெய்த மொத்தம். முதலாவதைப் போல நினைத்து இரண்டாவதின் 24 மதிப்புகளையும் கூட்டினால் பிரளயம்தான் வரும். நிலப்பதிப்பில் ஒரு நாளின் மொத்தம், மறுநாள் 00 மணி மதிப்பில் இருக்கிறது. கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு ஜூலில் வரும். மணிக்கணக்கு மதிப்பை 3600-ஆல் வகுத்தால்தான் வாட். புவியீர்ப்பு நிலையாற்றலை (ஜியோபொட்டென்ஷியல்) 9.80665-ஆல் வகுத்தால் உயரம். நேரம் எல்லாம் உலகப் பொதுநேரம் என்பதால், நிலையத்தின் "நாள்" வேறு நேரத்தில் தொடங்கினால் தினசரி ஒப்பீடு கெட்டுவிடும்.

நாள்சுழற்சி ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஈஆர்ஏ-5 12 மணி நேரத் துண்டுகளாக உள்வாங்குகிறது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், பொதுநேரம் 09-க்கும் 10-க்கும் இடையே, தரையருகு காற்று வேகத்தில் சிறு தாவல் தெரியும். அதைக் கடற்காற்று என்று எழுதிவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்களும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். கிராஃப்காஸ்ட், பாங்கு-வெதர் இரண்டும் 1979 முதல் 2017 வரையிலான ஈஆர்ஏ-5-இல் பயின்றவை. அவை ஈஆர்ஏ-5-ஐ உண்மையாக எடுத்துக்கொண்டு கற்றன. அதன் மழைக் குறையையும் புயல் குறையையும் சேர்த்தே கற்றிருக்கும். மதிப்பிடும்போதும் ஈஆர்ஏ-5-ஓடு மட்டும் ஒப்பிட்டால் அந்தக் குறை ஒருபோதும் வெளியே வராது. நிலையம், பலூன் அளவீடுகளோடும் ஒப்பிட வேண்டும்.

கட்டுரையில் தரவு பற்றி என்னென்ன எழுத வேண்டும்?

தொகுப்பின் பெயரோடு பதிப்பு, தரவிறக்கிய தேதி, மாறியின் முழுப்பெயர், அது பகுப்பாய்வு மதிப்பா முன்கணிப்பு மதிப்பா, எந்தக் கட்டத்துக்கு எந்த முறையில் மாற்றினீர்கள் என்பவை. ஈஆர்ஏ-5-இன் கடைசி மாதங்கள் தற்காலிக வெளியீடாகச் சுமார் 5 நாள் தாமதத்தில் வருகின்றன, இறுதி வடிவம் 2, 3 மாதம் கழித்தே உறுதியாகிறது. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் முடிவு இன்னொரு தொகுப்பில் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், துணைக்கோப்பில் ஒளிக்காமல் முதன்மைப் பகுதியிலேயே.